கால் எட்டாத தோணி

பதியுதீனைப் பாயில் நேராகக் கிடத்தி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளை நூல் பிடித்து அளந்தவள் அவன் மனைவி ஜெனூபாதான். இடுப்புக்கு நேரே அடையாள முடிச்சுப் போடும்போது அவள் கை நின்றுவிட்டது.

"கண்ண மூடாதீங்க."

"வெளிச்சம் குத்துது புள்ள."

"குத்தினாக் குத்தட்டும். முழிச்சிக்கிட்டுக் கிடங்க. இப்படிப் படுக்க வெச்சு ஆர அளக்கிற எண்டு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். கபுறுக் குழி வெட்டுவதற்கு மையித்தைத்தான் மருதமுனையில் அப்படி அளப்பார்கள். ஆனால் அவன் செய்யத் தொடங்கியிருந்த தோணிக்கு ஆளின் அளவு வேண்டும். சட்டையைப் போல அது உடம்போடு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும்.

தோணியின் படம் அவனுக்குக் கிடைத்தது நூல் பொதியைச் சுற்றி வந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாளில். கயாக் என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். மேற்புறமும் மூடி, ஒரு ஆள் இறங்க மட்டும் வாய் வைத்த ஒடுங்கிய மரத்தோணி. நின்றுகொண்டு கம்பால் தள்ளுகிற ஊர்த்தோணியை ஆற்றின் அக்கரையிலிருந்து பார்த்தாலே தெரியும். இதில் இருப்பவனின் தலை, நீரில் மிதக்கும் ஆற்றுவாழை மட்டத்துக்கு மேல் அதிகம் தெரியாது.

பதியுதீன் நெசவுக்காரன். அவன் நெய்த சாரனை உடுத்தவர்களில் பாதிப்பேருக்கு அவன் முகம் தெரியாது. பேச்சுக் குறைவு. தறிச் சத்தம் நின்றால்தான் 'ஆள் வெளியே போயிருக்கு' என்று அயல் அறியும். நீந்தவும் தெரியாது. அப்படிப்பட்டவன் தண்ணீரில் இறங்க நினைத்தது தம்பி பஹ்மிக்காக.

தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஒருநாள், ஆற்றுக்கு அங்கால் கிடந்த தங்கள் வயலில் முற்றிய கதிர் உதிர்கிறதே என்று பஹ்மி போனான். கிறுகி வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாரி பெய்துவிட்டது. அக்கரைக்கு ஒருவரும் போவதில்லை. அங்கே யாரும் இருக்கிறார்களா என்பதும் தெரியாது.

வீட்டில் பஹ்மியின் மனைவி சுல்பிகா இருந்தாள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டும். மௌத்தை ஆர் கண்டது? பள்ளிவாசலில் பொறுக்கச் சொன்னார்கள். பெருநாளைக்கு நிறச் சீலை உடுத்தாலும் ஊர் கதைத்தது, உடுக்காவிட்டாலும் கதைத்தது. ஒருநாள் தறியடிக்கு வந்து நின்றாள்.

"மச்சான், இரிக்கார் எண்டு சொல்லுங்க, இல்லாட்டி மௌத்தாகிட்டார் எண்டு சொல்லுங்க. நடுவில நிக்க ஏலாது எனக்கு."

அடுத்த கிழமை அவன் தேயிலைப் பெட்டிகளை உடைக்கத் தொடங்கினான்.

அந்த மெல்லிய பலகைகளை வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைத்தான். உள்ளே வளைவுச் சட்டம், வெளியே அவன் நெய்த துணியும் குங்கிலியமும் தாரும். கபுறு வெட்டும் முகம்மது தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பான்.

"காக்கா, ஜனாஸா தூக்கிற சந்தூக்குப் பெட்டி பள்ளியில சும்மாதானே கிடக்கு. உனக்கெண்டு தனியா ஒண்டு செய்யிறயா?"

"இதுக்குத் துடுப்பு இரிக்கு."

"அதுக்கும்தான் நாலு பேர் வலிக்கிறம்."

அவன் சிரித்தான். பதியுதீனும் சிரித்தான். ஜெனூபா சிரிக்கவில்லை.

பிழை எங்கே நடந்தது என்பது மேற்பலகையைத் தைத்துத் தார் பூசி உள்ளே இறங்கி இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. கால் மிதிக்கும் கட்டை காலுக்கு எட்டவில்லை. அளந்த நூலைச் சுருளாமல் இருக்க ஆணியில் தொங்கவிட்டு, நுனியில் தறியில் ஓடும் நாடாக் கட்டையைப் பாரமாகக் கட்டியிருந்தான். கஞ்சி போடாத நூல். பாரத்தில் அது நீளும் என்பது மருதமுனையில் பாவு நூல் பிடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருடம் தறியில் இருந்தவனுக்கு அது எப்படித்தான் மறந்தது? கட்டையை நகர்த்துவதானால் மூடியதையெல்லாம் பிரிக்க வேண்டும்.

தேத்தண்ணி கொண்டு வந்த சுல்பிகா குனிந்து உள்ளே பார்த்தாள்.

"உங்களுக்கு எட்டாதுதான் மச்சான். அவருக்கு எட்டும்."

பஹ்மி அவனைவிட நாலு விரல் உயரம். பதியுதீன் கட்டையை நகர்த்தவில்லை.

ஒரு விடியலில், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, அவனும் முகம்மது தம்பியும் தோணியைத் தோளில் ஏற்றி மேற்கே நடந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி எழுந்து நின்றார்கள். தோணி என்று தெரிந்த பிறகும் யாரும் உடனே உட்காரவில்லை.

தண்ணீரில் அது ஒவ்வொரு வலிப்புக்கும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் உலைந்தது. கால் அந்தரத்தில் நிற்க, ஓதிக்கொண்டே வலித்தான். அக்கரை ஏறியபோது நல்ல வெயில். விதைப்பார் இல்லாத வயலில் நெல் தானாக முளைத்து நெஞ்சளவு நின்றது. முற்றிய கதிர். ஒரு குருவியும் கொத்தியிருக்கவில்லை.

வரம்பில் அவர்களுடைய வாடிக் குடிசை அப்படியே நின்றது. வாசலில் நின்று சலாம் சொன்னான். பதில் இல்லை. "பஹ்மி" என்று கூப்பிட்டு மறுகா ஒரு சலாம் சொன்னான். உள்ளே பாய் இல்லை, பானை இல்லை, மனித வாடை இல்லை. மூன்றாம் முறை வாயைத் திறந்தபோது, அவன் நினையாமலே, மையவாடியில் நுழையும்போது கபுறுக்குள் கிடப்பவர்களுக்குச் சொல்லும் சலாம் வந்தது.

அதைச் சொன்னதும் வயல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. காற்று இல்லை.

அவன் ஓடவில்லை. ஓடினால் ஏதோ பிழையாகிவிடும் என்று பட்டது. நடந்து வந்து தோணியில் இறங்கினான். திரும்பும் வழியில் தோணி உலையவே இல்லை. நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. அவன் வலிக்கும்போதெல்லாம் முன்னால், தோணியின் இருட்டுக்குள், அவன் கால் தொடாத மிதிகட்டை கிறீச்சிட்டது. அவன் குனிந்து பார்க்கவில்லை.

கரையில் முகம்மது தம்பி வெற்றிலை போட்டபடி குந்தியிருந்தான்.

"என்ன காக்கா, கண்டயா?"

பதியுதீன் தோணியின் முன்பக்கத்தைப் பிடித்தான். இருவரும் தூக்கினார்கள். விடியலில் இல்லாத பாரம்.

"எத்தின மூட்ட கதிர் ஏத்தினாய்?" என்று கேட்டவன், இறக்கி வைத்துவிட்டுத் தோணியின் வாய்க்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்தான். ஈரம்கூட இல்லை. வெற்றிலையைத் துப்பினான். அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

மறுகா தூக்கி நடந்தார்கள். வரம்பு முடிந்து ஒழுங்கை தொடங்கும் இடத்தில், முகம்மது தம்பியின் வாயிலிருந்து கலிமா மெல்லக் கிளம்பியது. அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அந்தப் பாரம் அவன் தோளுக்குப் பழக்கம், அது ஏறினால் நாக்கு தானாகப் புரளும். நிறுத்தச் சொல்லப் பதியுதீனுக்கு மனம் வரவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் அவனும் சேர்ந்து சொன்னான். சந்தியில் நின்ற இரண்டு பேர், ஆருடைய ஜனாஸா என்று கேட்காமலே தோள் கொடுக்க வந்தார்கள்.

படலையைத் திறந்தபோது கிணற்றடியில் சுல்பிகா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அடையாளம் இருந்தது. சவுக்காரம் நுரைத்தபடி. அவள் இல்லை. அவளுடைய அறை வாசலில் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. இனி அந்தத் திரைக்கு அப்பால் பார்க்க, கணவனின் கூடப்பிறந்த காக்காவான அவனுக்கும் உரிமையில்லை. பதியுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜெனூபா முற்றத்துக்கு ஓடி வந்தாள். "என்ன கண்டீங்க? எங்க அவன்? வாயத் திறந்து சொல்லுங்களன்."

"மதினி," திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, "மச்சான ஒண்டும் கேக்காதீங்க. எனக்குக் கேட்டிச்சு."

நாலு பேரும் தோளில் பாரத்தோடு நின்றார்கள்.

"நிழல்ல இறக்குங்க மச்சான்," என்றாள் சுல்பிகா. "மெதுவா."