காவல் போன மருத மரம்

எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் போதும், எனக்கு முசுறு எறும்புகள் ஞாபகம் வந்துவிடும். விரலிடையில் நசுங்கிய முசுறுக்கும் அதே புளித்த நெடிதான். திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் சர்பத் கடைக்காரர் பழம் பிழிந்துகொண்டிருந்தார். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறும் ஒன்பதரை மணி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் இரண்டு ரூபாய் எண்பது பைசா. புரட்டாசி மாதம், மூன்றாவது வருஷமாகப் போகிறேன்.

எல்லாம் ஒரே ஒரு புகைப்படத்துக்காக. மருத இலையில் ஒரு பச்சைப் புழு, நாளை நீலப் பட்டாம்பூச்சி ஆகப்போவது. அதன் முதுகில் தேன் துளிர்க்கும். முசுறு அதைக் குடிக்கும். குடித்த நன்றிக்குக் குளவி அண்டாமல் காவல் நிற்கும். குடிக்கிற அந்தக் கணம் எனக்கு வேண்டும். முதல் வருஷம் மழை. மறு வருஷம் கை நடுங்கிவிட்டது. இப்போது கண்ணில் புரை. அடுத்த வருஷம் அந்தத் துளி என் கண்ணுக்கே அகப்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜமுனாமரத்தூரில் இறங்கி மூன்று மைல் நடந்தால் கோவிந்தனின் வீடு. சாமை விதைப்பவர், புளி உலுக்குபவர். எப்போதும் அங்கேதான் தங்குவேன். மாலையில் அவரோடு போய் மரத்தைக் கண்டுபிடித்தேன். தாழ்ந்த கிளையில் இரண்டு புழுக்கள், சுற்றிலும் முசுறு. வெளிச்சம் போய்விட்டிருந்தது. கை முழுக்கக் கடி.

“நாளைக்குக் காலையில இங்கதான் உக்காரப் போறேன் கோவிந்தன்.”

“இந்தக் கடியிலயா சார்?” என்று மட்டும் கேட்டார்.

காலை ஏழு மணிக்குப் போனேன். மரத்தில் ஓர் எறும்புகூட இல்லை. அடிமரத்தைச் சுற்றிச் சாம்பல். மேல் கிளைகளில் கூடுகள் இருந்த இடமெல்லாம் கருகல். நீளக் கழியின் நுனியில் புகையும் பந்தத்தோடு கோவிந்தன் சிரித்தபடி நின்றார்.

“புளி உலுக்கறதுக்கு முன்னாடி இப்டித்தான் பண்ணுவோம். இனிமே ஒண்ணும் கடிக்காது. குந்துங்க சார்.”

முசுறு கடித்து அவருடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. களி கொண்டுவந்த அவர் மனைவி செல்லி சொன்னாள்: “எங்க வூட்டாரு மூஞ்சியப் பாருங்க, பூசணிக்கா. அதையும் ஒரு போட்டோ புடிங்க சார்.”

“நீ இன்னா நடுவுல? சார் பூச்சிய புடிக்க வந்துக்கிறாரு.”

சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

லென்ஸில் புழு பெரிதாகத் தெரிந்தது. எறும்பைக் கூப்பிடும் இரண்டு நுண்ணிய கொம்புகள் வால்பக்கம் நீண்டன. யாரும் வரவில்லை. சுருங்கின. மறுபடி நீண்டன. பத்து மணிக்கு மேல் குளவி வந்து ஒன்றைத் தூக்கிப் போயிற்று, உச்சிப்பொழுதுக்குள் மற்றதையும். இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்வரை வேறு மரங்களில் தேடினேன். முசுறு இருந்தது, புழு இல்லை. ஃபிலிம் சுருள் தொடாமலே பெட்டிக்குள் போனது.

மறுநாள் பஸ்ஸுக்கு என் பையைத் தூக்கி வந்தார் கோவிந்தன். கண் பாதிதான் திறந்திருந்தது.

“படம் நல்லா வந்துச்சா சார்?”

“வந்துச்சு.”

பஸ் நகர்ந்தபோது ஜன்னலோடு கூடவே நடந்தார்.

“அடுத்த வருசமும் வாங்க சார். நீங்க வர்றதுக்குள்ள ஒரு மரம் வுடாம பொகை போட்டு வெச்சிட்றேன்.”