கலியன் குடித்த பார்லித் தண்ணி

மரக்காணம் உப்பளத்தில் கலியனைப் போல உப்பு வாருகிற ஆள் கிடையாது. அவனைப் போலக் குடித்தவனும் கிடையாது. அரசாங்கம் சாராயக்கடைகளை மூடிய பிறகும் எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் குடித்தான். பொறுத்துப் பார்த்த அவன் பெண்சாதி சின்னப்பாப்பா, "ஒரு வருஷம் வாயில வைக்காம இரு. அப்புறம் வந்து கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, பிரம்மதேசத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மனுஷன் இருந்துகாட்டினான் ஐயா! எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில் அவள் சொன்ன கெடு முடிந்தது.

அன்றைக்குப் பார்த்து அவன் கூட்டாளி நான் கெடுத்தேன். இந்தச் செல்லப்பன் வாய்க்குச் சூடு போட வேண்டும்.

இருவரும் சைக்கிளில் உப்பு மூட்டை கட்டிக்கொண்டு குயிலாப்பாளையம் போனோம். இறக்கிவிட்டு, அப்படியே பிரம்மதேசம் போய் அவளைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. வெயிலில் கலியனுக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அங்கே குடியேறியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் உப்பு வாங்கினவர்; அவர் பானையிலிருந்து வெளிறின மஞ்சளாய், நுரையோடு எதையோ மொண்டு கொடுத்தார்.

"என்னாங்க இது?" என்றேன்.

"பார்லி. வீட்டிலே நான் செஞ்சது" என்றார், பெருமையாக.

நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணியைவிட மருந்து உண்டா? "குடிடா" என்றேன். நானும் குடித்தேன். ஒரே கசப்பு, பின்னாலேயே ரொட்டி வாசனை. கசந்தால்தானே மருந்து! அவனை இன்னொரு டம்ளரும் குடிக்கவைத்தேன்.

பாதி வழியில் கலியன் சைக்கிளை நிறுத்தினான். "டேய் செல்லப்பா, காது சூடாவுதுடா. இது எனக்குத் தெரிஞ்ச சூடு."

பார்லியில் பீரும் காய்ச்சுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய்க் கொய்யா இலை பறித்துவந்தேன். "மெல்லுடா, நாத்தம் போயிடும்." ஒரு காலத்தில் தினமும் மென்றவன்தான். அன்றைக்கு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சின்னப்பாப்பா வாசலிலேயே நின்றிருந்தாள். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் சொல்லிவிட்டான். "குடிச்சிட்டேன் பாப்பா. நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணின்னு நெனச்சேன். ரெண்டு டம்ளர்."

"எம்மேலதான் தப்பு, தங்கச்சி" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "குடிச்ச அன்னிக்கெல்லாம் கொய்யா எலைய மென்னுட்டு வந்து, குடிக்கலன்னு சத்தியம் பண்ணுவ. குடிச்சேன்னு நீ சொல்றது இன்னிக்குத்தான்."

உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் துணிப்பையோடு வந்தாள்.

"கடுப்பு போச்சா?"

"போயிடுச்சு."

அப்பாடா! எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்து, "நேரா ஓட்டு" என்றாள்.

கலியன் சட்டைப்பையிலிருந்த கொய்யா இலைகளை எடுத்து, மாமனார் வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தான்.