நான் கொடுத்த காய்ச்சல்

சொன்னால் சிரிப்பீர்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று நான் முழங்காலிட்டு ஜெபித்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் டாக்டராக இருந்த காலம். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்து, சோழபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள், இடுப்பில் பிள்ளையும் தோளில் மாங்காய்ப் பருமனில் ஒரு கட்டியுமாக வந்தாள். புற்று. கத்தி வைக்க வழியில்லை என்று மதுரையில் பெரிய டாக்டரே கைவிரித்துவிட்டார். எனக்கு வந்தது ஆத்திரம்.

கொல்லப்பட்ட கிருமிகளிலிருந்து எடுத்த மருந்து ஒன்று வெளிநாட்டில் இருந்தது. ஊசியில் ஏற்றினால் குளிர்காய்ச்சல் வரும். அதில் விழித்துக்கொள்ளும் உடம்பு, சிலருக்குப் புற்றையும் சேர்த்துத் தாக்கும். எப்படி என்று அதைப் பற்றி எழுதியவர்களுக்கே தெரியாது. பலருக்குப் பலிக்காது என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. மதராஸ் வழியாகத் தருவித்து, பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போய்ப் போட ஆரம்பித்தேன்.

முதலில் காய்ச்சல் எட்டிப்பார்க்கவே இல்லை. அளவைக் கூட்டினேன். கட்டில் ஆடும்படி குளிர், பிறகு அனல். ஒவ்வொரு ஊசிக்கும் அப்படியே. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அடுத்த முறை போனால் வாசலில் வேப்பிலை. காய்ச்சலோடு உதட்டோரம் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்து, அம்மை என்று முடிவுகட்டிவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது.

"ஆத்தா வந்திருக்கா. ஊசியத் தூக்கிட்டுப் படியேறாதிய, டாக்டரம்மா," என்றார் அவள் மாமியார்.

"அது அம்மையில்ல. நான் குடுத்த காய்ச்சல்!"

"காய்ச்சலக் குடுக்கவா டாக்டருக்குப் படிச்சிய?"

ஊசி நின்றால் புற்று ஜெயித்துவிடும். ஊசிப் பெட்டியோடு திரும்பிப் பஸ் ஏறினேன்.

அம்மை இறங்கிவிட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, மஞ்சள் தேய்த்த மாமியாரின் கை அவள் தோளில் அப்படியே நின்றுவிட்டதாம். கட்டி எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் என்னிடம் வந்து நின்றார்கள்.

"ஆத்தா பாதியக் கரைச்சிட்டா!" என்றார் மாமியார்.

நான் சண்டைக்கு வாயெடுப்பதற்குள் தோழி கையை நீட்டிவிட்டாள்.

"யாரு கரைச்சா என்னட்டி? மீதிக் காய்ச்சலையும் குடு."

கொடுத்தேன். ஊசி போட்டு முடியும்வரை மாமியாரே அவள் கையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

அறுவடைக் காலத்தில் சோழபுரம் போனேன். தோழி அந்தத் தோளிலேயே பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு களத்தில் நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவள் தோளை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எலும்புதான் இருந்தது. ஆட்கள் பார்க்கப் பார்க்க, ஓவென்று அழுதேன்.