அருவிக்கரையில் ஒரு சக்கர நாற்காலி

அறுபத்தைந்தில் நடந்த பாகிஸ்தான் சண்டை முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கிய சமயம். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு அருவிக்குக் கிளம்பினோம். வண்டியின் பின்னால் ஒரு சக்கர நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அது என் அக்காவின் புருஷனுடையது.

அத்தான் பட்டாளத்துக்காரர். குண்டுச் சிதறல் முதுகெலும்பில் பாய்ந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இப்படி அடிபட்ட சிப்பாய்களுக்கென்றே வடக்கே இருக்கும் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவேன் என்று, லீவில் அவரை அழைத்துவர என்னையே அனுப்பினார்கள்.

தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவதுதான் அங்கே பெரிய பாடம். நாற்காலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஆசனத்தில் ஊன்றி, மொத்த உடம்பையும் தோள்பலத்தால் மேலே தூக்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். அத்தான் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ரேடியோ ரிப்பேரும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் தலைகீழானது. அவர் அம்மா, எனக்கு அத்தை முறை, மகனை அசையவே விடவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். கஞ்சியைக்கூட ஊட்டப் பார்த்தார்கள். அத்தானுக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

"லீவு முடிஞ்சதும் போயிருதேன். அங்கனயே காலம் பூரா இருக்க இடம் தருவாக. இங்கன இருந்தா நான் நெல்லு மூடைதான். தூக்கி வச்ச எடத்துல இருக்கணும்."

அக்கா அழவில்லை. "என்ன செஞ்சா இருப்பிய?" என்று மட்டும் கேட்டாள்.

"அருவியில குளிக்கணும். குளிச்சிட்டு, ஒருத்தர் கையும் படாம நாற்காலியில ஏறணும். ஏறிட்டம்னா இருக்கேன்."

அப்படித்தான் அன்றைக்குக் கிளம்பினோம். கிளம்புமுன் அத்தை மகனுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கை வரை நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். எண்ணெய் வைக்காமல் குற்றாலத்தில் குளிப்பது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். எனக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அருவியின் வேகத்துக்கு அடியில் அவர் போக முடியாது. ஓரமாகத் தண்ணீர் வழிகிற இடம் பார்த்தோம். கல் உரசினால் அவருக்குத் தெரியாது, புண் வந்தால் ஆற மாசக்கணக்காகும். அதனால் ஜமுக்காளத்தை மடித்துக் கனமாக விரித்தேன். சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தேன். அவரே இறங்கி, கையை ஊன்றி நகர்ந்து, தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தார்.

"பனியிலயே கெடந்து பாத்துட்டேன் மாப்ளே. இந்தத் தண்ணிக்கு ஈடு கெடையாது."

குளித்து முடித்து நாற்காலியை முதுகால் தொட்டு உட்கார்ந்தார். கையை ஊன்றினார். உடம்பு பாதி உயரம் வந்தது. ரெக்சின் ஆசனத்தில் கை வழுக்கி, அப்படியே ஜமுக்காளத்தில் சரிந்துவிட்டார்.

கூட்டம் கூடிவிட்டது. குளிக்கிற வரிசையை ஒழுங்குபடுத்திய போலீஸ்காரர் ஓடிவந்தார். "அண்ணாச்சி, நாங்க ரெண்டு பேரு தூக்கி வச்சிருதோம்."

"ஏலே, பாத்துக்கிட்டு நிக்கியே, அவனத் தூக்குலே," என்று அத்தை என்னைத் தள்ளினார்கள். நானும் குனிந்துவிட்டேன். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மனுஷன் மனசால் வடக்கே ரயிலேறிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"யாரும் தொடாதிய."

அக்காதான். புகுந்த வீட்டு ஆட்கள் முன்னால் அவள் குரல் உயர்ந்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. அத்தானின் உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்த்தாள். தன் தலைக்கு என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த சீயக்காய்ப் பொடியை அதில் கொட்டினாள். அவர் பரபரவென்று தேய்த்துக் கழுவ, இவள் ஆசனத்தின் எண்ணெய்ப் பிசுக்கை உலர்ந்த துண்டால் அழுத்தித் துடைத்தாள். பிறகு இரண்டடி தள்ளிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஹவில்தாரை அவள் கண்ணால் கண்டதில்லை. நின்ற நிலை மட்டும் அச்சாக அவரேதான்.

"ம், ஏறுங்க."

தோள் இரண்டும் புடைத்தன. இந்தத் தடவை கை வழுக்கவில்லை. ஒரே மூச்சில் உடம்பு மேலே வந்து ஆசனத்தில் உட்கார்ந்தது. ஈர வேட்டியோடு நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். போலீஸ்காரர் வரிசையை மறந்தே போனார்.

"எம்மா, நெல்லு மூடை தானா ஏறிட்டு, பாத்தியா?" என்றார் அத்தான், மூச்சு வாங்க.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தலையைத் தடவினார்கள். "ஏறுனது சரி. தலையில எண்ணெய் அப்பிடியே நிக்கே. எறங்கி இன்னொருக்கக் குளி. நீதான் தானா ஏறிக்கிடுவியே."

அத்தான் சிரித்துக்கொண்டே இறங்கினார். இரண்டாந்தடவை அவர் ஏறியபோது யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. அத்தைகூட மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

லீவு முடிந்து இல்லத்துக்குப் போனவர், விடைபெற்றுக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். இப்போது தென்காசி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடை வாசல் படியை இடித்துச் சரிவாக்கியது அக்காவின் யோசனை.

இன்றைக்கும் யாராவது தடுமாறினால் என் கை தானாக முன்னால் நீளத்தான் செய்கிறது, ஆனால் அது போய்ச் சேர்வதற்குள், "பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட என் வாய் அந்த அருவிக்கரையில் பழகிக்கொண்டது.