கண்ணாடி மறந்து வந்தவள்

மகளை மழலையர் பள்ளியில் சேர்ப்பதற்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: குழந்தைக்கு எதைக் கண்டால் பயம்? விடை எழுத ஒரே ஒரு வரி இடம். மிக்சி சத்தம் என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு இருட்டு என்று எழுதினேன். ஆசிரியை அவளைக் கோழை என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றியது. ஒன்றும் எழுதாமல் விட்டால் பிள்ளையைக் கவனிக்காத தாய் என்று என்னை நினைத்துவிடுவாரோ என்றும் தோன்றியது. கணவர் புதுப் படிவம் வாங்கி வந்தார். அதிலும் அந்த வரி மட்டும் காலியாகவே இருக்கிறது.

இதே கேள்விக்குப் பத்து வயதில் கொஞ்சமும் தயங்காமல் விடை எழுதியிருக்கிறேன்.

அப்போது கேட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்பாவின் வீட்டார் மாநகராட்சி வேலைக்காக இரண்டு தலைமுறைக்கு முன்பே வந்து, மலையாளத்திலேயே கையெழுத்துப் போடப் பழகியிருந்தார்கள். அக்காவைத் தொடர்ந்து பின்னால் வந்த மாமா, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். யாரோ ஒரு விருந்தாளி அங்கே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் ஒரு துணிப்பை நிறையப் பகடைகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதம் யாரும் கேட்டு வரவில்லை. முதலாளி அவற்றை மாமாவிடமே கொடுத்துவிட்டார்.

எட்டு முகப் பகடை, பன்னிரண்டு முகப் பகடை எல்லாம் இருந்தன. இருபது முகம் உள்ளதற்கு அண்ணன் நெல்லிக்காய் என்று பெயர் வைத்தான். அது பேய்க்கதை விளையாட்டு. கதையை மாமா சொல்வார். கதைக்குள் நடமாடும் ஆட்கள் நாங்கள். கதவைத் திறப்பதா, ஓடுவதா என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். ஆபத்து வந்தால் நெல்லிக்காயை உருட்ட வேண்டும். சின்ன எண் விழுந்தால் ஆள் காலி. புத்தகத்தில் முந்நூறு பக்கத்துக்கு விதிகள் இருந்தன. மாமாவின் ஆங்கிலம் அதில் எத்தனையாவது பக்கம் வரை போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. மீதியை அவரே போட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பா வேலை முடித்து வந்து உள்ளறையில் தூங்கும் மதியங்களில் ஆடுவோம். அரிசி டின்னின் மேல் கேரம் போர்டைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் மேசை. ஆடுபவர்கள் அண்ணன், நான், அடுத்த வீட்டுப் பெண். அவள் என் வகுப்புத் தோழி, மலையாளி.

கதைக்குள் நுழையுமுன் ஒவ்வொருவரும் தன் ஆளை ஒரு தாளில் எழுத வேண்டும். பெயரும் தொழிலும் போக மூன்று கேள்விகள். அந்த ஆளுக்கு எதில் பயம்? யாரிடம் திரும்பிப் போயே ஆக வேண்டும்? எப்போதும் சொல்லும் பொய் என்ன? முதல் இரண்டையும் தொடக்கத்திலேயே உரக்க வாசிக்க வேண்டும். பொய்யை மட்டும் மடித்து வைத்து, ஆபத்து வரும்போது ஒரே ஒருமுறை பிரிக்கலாம். நாங்கள் மலையாளத்தில்தான் எழுதுவோம். மாமாவுக்கு அது வாசிக்க வராது. "இந்த ஜிலேபி எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்களே வாசிங்க, நான் கேட்டுக்கிடுதேன்" என்பார்.

என் முதல் ஆள் எதற்கும் பயப்படாதவள். இரண்டு கைகளிலும் துப்பாக்கி. ஐந்து நிமிடத்தில் செத்துப்போனாள்.

"பயமில்லாதவ எல்லாக் கதவையும் முதல்ல போய்த் திறப்பா. பொறவு என்னட்டி நடக்கும்?" என்றார் மாமா.

அடுத்தவளுக்குப் பாம்பு பயம் என்று எழுதினேன். அந்தக் கதையில் பாம்பே வரவில்லை, அவளும் செத்தாள். அவளுக்குப் பின் வந்த நால்வரும் அப்படியே செத்தார்கள். செத்தவர்களின் தாளைக் கப்பல் செய்து வாசல் மழைநீரில் விடுவது அண்ணனின் வேலை. அதை அவன் மிகவும் விரும்பிச் செய்வான். "ஆறு கப்பல் ஆச்சு. இனி உனக்கொரு துறைமுகமே கட்டணும்" என்றான். அன்றே தீர்மானித்துவிட்டேன், அடுத்த ஆளை உயிரோடு வெளியே கொண்டுவராமல் விடுவதில்லை என்று.

அதற்கு உண்மையான பயம் ஒன்று வேண்டும். ஒரு வாரம் முழுக்க வீட்டில் இருப்பவர்களை உளவு பார்த்தேன். அப்பாவுக்கு மேஸ்திரியின் விசில் சத்தம் என்றால் பயம். அண்ணனுக்குப் பல்லி. அம்மாவுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. கரப்பானைக் கையால் அடிப்பாள். இடி இடித்தால் மாடித் துணி நனையுமே என்று வைவாள்.

நான்காம் நாள் பள்ளியிலிருந்து மலையாளத்தில் ஒரு சுற்றறிக்கை கொண்டு வந்தேன். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். "கண்ணாடியை எங்கயோ வெச்சிட்டேன், இதைக் கொஞ்சம் வாசிங்க" என்றாள் அந்த வீட்டு அம்மாவிடம். அந்தச் சொற்களை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். ரேஷன் கடையில் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்திலும் கேட்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் மட்டும் கண்ணாடியைச் சொல்லமாட்டாள், பெயர்ப்பலகை கண்ணெதிரே இருக்கும்போதே, "சேட்டா, தோப்பும்படி போகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

அன்று மாலை அலமாரியையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் குடைந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் கண்ணாடி என்று ஒன்று இல்லவே இல்லை. ஊரிலிருந்து மாமா வாங்கி வரும் தமிழ்ப் பத்திரிகைகளை அம்மா வெறுங்கண்ணால் கடைசிப் பக்கம் வரை படிப்பதையும் பார்த்திருக்கிறேன். துப்பறிந்துவிட்டேன். பயம், பொய் இரண்டுமே அகப்பட்டுவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கதை, பஜார் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு மிளகுக் கிடங்கில் நடந்தது. அண்ணனின் ஆள் போலீஸ் இன்ஸ்பெக்டர். அடுத்த வீட்டுப் பெண்ணின் ஆள் டாக்டர். "என் ஆள் வீட்டுவேலை செய்யும் ஓர் அம்மா. பயம்: எழுத்து. திரும்பிப் போக வேண்டியது: பிள்ளைகளிடம்" என்று வாசித்தேன்.

"எழுத்துல என்னடி பயம்? கடிக்குமா?" என்று சிரித்தான் அண்ணன். மாமா சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதையைத் தொடங்கினார்.

கிடங்கின் உள்சுவரில் கரியால் ஏதோ எழுதியிருந்தது. முன்னால் ஒரு கிழவன் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "வாசி" என்கிறான். இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து வாசித்தார். கடைசிச் சொல்லோடு அவர் குரல் சுவருக்குள் போய்விட்டது. அண்ணன் நெல்லிக்காயை உருட்டினான், மூன்று. டாக்டரும் வாசித்தார். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு விழுந்தது ஐந்து. இருவரும் போனார்கள். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கெழவன் உன்கிட்ட வாரான். சுவத்தைக் காட்டுதான். வாசிங்கான். என்ன செய்யுத?"

மடிப்பைப் பிரித்தேன். அம்மாவின் குரலிலேயே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சிரிப்பையும் முகத்தில் கொண்டுவந்து, "கண்ணாடியை எங்கயோ வெச்சிட்டேன், இதைக் கொஞ்சம் நீங்களே வாசிங்க" என்றேன்.

"அய்யோ, இது நின்றெ அம்மயல்லே!" என்று கத்தினாள் அடுத்த வீட்டுப் பெண். "அம்மாவேதான்!" என்றான் அண்ணன். இருவரும் கேரம் போர்டில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் பேசி இவ்வளவு பேர் சிரித்தது அதுதான் முதல்முறை.

மாமா மட்டும் வாசலைப் பார்த்தபடி இருந்தார். அங்கே அம்மா வேகவைத்த கப்பைக்கிழங்குத் தட்டோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"உருட்டு" என்றார் மாமா. உருட்டினேன். பதினெட்டு.

"கெழவன் தன் எழுத்தைத் தானே வாசிச்சான்" என்றார் மாமா, மெதுவாக. "அவன் குரலு சுவத்துக்குள்ள போயிட்டு. கதவு திறந்துட்டு."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அவ பிழைச்சுக்கிட்டாளா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"பிழைச்சுட்டாக்கா."

"மத்தவங்க?"

"அவ மட்டுந்தான்."

"சரி. கை கழுவிட்டு வந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்னை வைவாளோ என்று ஒரு நொடி தோன்றியது. வையாததால் அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

பிழைத்த ஆளின் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. காலண்டர் தொங்கும் ஆணியில் அதைக் குத்தி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு சுற்றறிக்கை வந்தது. அம்மா அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த அம்மாவே எங்கள் வாசலுக்கு வந்தார். "சேச்சி, ஞான் வாயிச்சு தரட்டே?" என்றார், வாசித்துத் தரட்டுமா என்று மிகவும் அன்பாக. கண்ணாடி பற்றி ஒரு சொல் இல்லை. "வேண்டாம், அவங்க அப்பா பார்த்துக்கிடுவாங்க" என்றாள் அம்மா. அப்பாவிடம் அவள் கொடுக்கவே இல்லை. தாள் மடித்தது மடித்தபடி அரிசி டின்னின் மேல் கிடந்தது.

மூன்றாம் நாள் முதல், நான் பாடம் படிக்கும்போது அம்மா முறத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சத்தமா வாசி. விரலை வெச்சு வாசி. என்ன அவசரம், மெதுவா" என்பாள். ஏமாற்றாமல் படிக்கிறேனா என்று காவல் இருக்கிறாள் என்று எனக்கு எரிச்சல். என் பழைய இரண்டாம் வகுப்புப் புத்தகம் எடைக்குப் போட வைத்த கட்டிலிருந்து காணாமல் போனது. அதை யாரும் தேடவில்லை. பேருந்து நிறுத்தத்தில் அம்மா யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று ஏறத் தொடங்கினாள். நான் கவனித்ததெல்லாம், இப்போது எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கிறது என்பதை மட்டும்தான்.

ஓணம் விடுமுறையில் மாமா புதிய கதை தொடங்கினார். என் வெற்றி வீராங்கனையை மறுபடி இறக்கலாம் என்று ஆணியிலிருந்து தாளை எடுத்தேன். பயம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை யாரோ ஒரே கோடாக அடித்திருந்தார்கள். அதன் மேலே நீல மையில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்துப் போல அழுத்தி அழுத்தி, மலையாளத்தில் என் பெயர் எழுதியிருந்தது.

அண்ணனின் வேலை என்று அவனோடு சண்டை போட்டேன். அடுக்களையிலிருந்து, "நான்தான் எழுதினேன்" என்றாள் அம்மா.

"என்னைக் கண்டா உனக்குப் பயமா?"

"பின்ன இல்லாம? ரொம்பப் பயம்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் எனக்கு இன்னும் அழுகை வந்தது. நான் என்ன பேயா? தாளை மாமாவிடம் நீட்டினேன். "பிழைச்ச ஆளை மாத்தக் கூடாதில்லயா மாமா? இது செல்லாதுன்னு சொல்லுங்க."

"என்ன எழுதியிருக்குன்னு வாசி."

வாசித்தேன். மாமா பகடைப் பையின் கயிற்றை விரலில் சுற்றினார். "செல்லும்" என்றார்.

"புத்தகத்துல இருக்கா?"

"இருக்கு."

நான் நம்பவில்லை. ரப்பரை எச்சில் தொட்டு என் பெயரை அழிக்க ஆரம்பித்தேன். மை ஈஷியது. விடாமல் தேய்த்தேன். தாள் கிழிந்து, பயம் என்ற இடத்தில் ஓட்டை விழுந்தது. அதன் ஓரத்தில் கிடைத்த இடத்தில், பழையபடி 'எழுத்து' என்று மலையாளத்தில் பொடியாக எழுதினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். "எழுத்து" என்று வாசித்தாள். பிறகு அடுப்பில் சாயா பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஓட்டையை எதைக் கொண்டு ஒட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.