மழைக்கு ஆள் நிறுத்தியது நான்தான்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் உண்டாக்கியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கூலிக்கு உப்பு வாரிய அதே மரக்காணம் உப்பளத்தில் என் பேரில் குத்தகை எடுத்தேன். எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய சேற்று மூலைக்கு வரப்பு போட்டு வெள்ளை விளைய வைத்தேன். பழைய லாரி ஒன்றை வாங்கி, வாங்கிய பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ரோட்டோரம் மாடிக் கட்டடம் எழுப்பியபோது, "உப்புக் காத்துல செங்கல் அரிச்சிடும், பாரு" என்றார்கள். இன்னும் நிற்கிறது. அந்த மாடியில் ஊருக்கு ஒரு பிரவுசிங் சென்டர் வைத்துக் கொடுத்தவனும் நான்தான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருடக் கோடையில் ஒரு கால்பந்து அணியை விழாமல் தாங்கிப் பிடித்தேன்.

அணி என் மகளுடையது. டிகிரி முடித்துவிட்டு, வேலை அமையாமல், சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அப்படி ஒரு விளையாட்டு இருந்தது. அதில் நாம் பந்தை உதைக்க வேண்டியதில்லை. ஆட்களைச் சேர்ப்பது, பயிற்சி கொடுப்பது, யாரை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி அனுப்புவது, அவ்வளவுதான் வேலை. ஆட்டம் எங்கோ ஒரு மிஷினுக்குள் தானாக நடக்கும். படம் வராது. நடப்பது இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாக வந்து விழும். எதிர் அணிக்காரர்கள் எல்லாரும் வெளிநாட்டு ஆம்பளைகள். "படிச்சிட்டு சும்மா குந்தினு இருக்குது" என்று ஊர் பேசிய பெண்ணிடம் அவர்கள் யோசனை கேட்டு எழுதினார்கள்.

கூட்டம் இல்லாத வேளைகளில் அவள் பழைய ஆட்டங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் கானலில் மிதக்கும். மூடிய கண்ணுக்குள்ளும் அதே வெளிதான். பதினோரு பேரும் என் உப்புப் பாத்திகளின் மேல் ஓடுவார்கள். தண்ணீர் கலங்காது. காலடியில் உப்பு நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். பந்து மெல்ல எழும்பிக் கடல் பக்கம் போய், இறங்க மனசில்லாமல் அங்கேயே நிற்கும். வாயில் நுழையாத பெயருள்ள கோல்கீப்பர் என் வரப்பின் மேல் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அது தூக்கமா விழிப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த விளையாட்டில் வானமும் இருந்தது. அவள் அணியின் ஊருக்கென்று இன்றைய வானம், நாளைய வானம் என்று தினமும் சின்னப் படம் போடுவார்கள். சூரியன், மேகம், மழை. வேறு எவனுக்கும் அது வெறும் பொம்மை. நான் உப்புக்காரன். தினமும் காலையில் மாடி ஏறி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாத்திக்குப் போவேன். ஒரு மாதம் பார்த்ததில் அந்த வானத்தின் புத்தி எனக்குப் பிடிபட்டுவிட்டது. மேகம் கட்டிக் கட்டி ஏமாற்றும். மூன்றாம் நாளும் கட்டியே இருந்தால் பெய்யாமல் விடாது.

வருடக் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் அதே பிரிவில் இருக்கலாம். இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவு. "கீழ போனா டீமையே மூடிடுவேன்பா" என்றாள். சும்மா சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை அவளுக்கு.

ஆட்டத்துக்கு முதல் நாள் படத்தில் மூன்றாம் நாளாக மேகம். அணியில் இரண்டு குட்டை ஆட்கள் இருந்தார்கள். நெளிந்து நெளிந்து ஓடுவார்கள், வருடம் பூரா கோல் போட்டவர்கள். ஆனால் மழையில் அந்த ஜாதி ஆட்டக்காரன் சறுக்குவான், தடித்தவன் எழும்புவான். அது அந்த விளையாட்டின் சட்டம். அவளே எனக்குச் சொன்னதுதான்.

"குட்டைங்க ரெண்டு பேரையும் உட்கார வை. அந்தத் தடியனுங்களை எறக்கு. பந்தைத் தரையில உருட்டாத, தூக்கி அடிக்கச் சொல்லு."

"நாளைக்கு மேகம்னுதான்பா போட்டிருக்குது. மழைன்னு போடல."

"நாளைக்கு மழைன்னு எந்த வானம் சீட்டு குடுத்துட்டு வருது?"

"அப்பா, இது நம்ம ஊரு வானமில்ல. மிஷின் போடுறது."

"எவன் போட்டா என்னா? நனையறது ஒண்ணுதானே."

கடைசியில் நான் சொன்ன மாதிரியே ஆட்களை மாற்றி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு மாற்ற முடியாது. "தோத்தா உன்னாலதான்" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் பாத்தியில் நின்றபோது என் வாய் என்னை அறியாமல், "இன்னிக்கு மழை வரணும்" என்று முணுமுணுத்துவிட்டது. வாரிய உப்பு அத்தனையும் கரைமேல் திறந்து கிடந்தது. மேஸ்திரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மொதலாளி, இன்னா பேச்சு இது? வெயில் தலைக்கேறிடுச்சா?"

"இங்க இல்லய்யா. வேற ஊர்ல."

"எந்த ஊரு? வானூரா?"

"அதுக்கும் அந்தாண்ட."

"அந்தாண்ட பெய்ஞ்சா இங்க எத்தினி நேரம் ஆவும்?" என்றவர், ஆட்களைக் கூப்பிட்டுக் குவியல்களை ஓலை போட்டு மூட வைத்துவிட்டார். நாற்பது வருட உப்பு வேலையில் நான் மழையைக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலம் ஆட்டம். முதல் வரி வந்தது. அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னாம்மா?"

"மழை பெய்யுதுப்பா" என்றாள் மெதுவாக.

கண்ணை மூடினேன். வெளியே வெயில் சாய்ந்து உப்பெல்லாம் ரோஜா நிறமாக இருந்தது. உள்ளே மழை கொட்டியது. என் பாத்திகள் நிரம்பித் ததும்பின, உப்பெல்லாம் கரைந்து போயிற்று. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எதிரணியின் நெளிந்தோடிகள் கணுக்கால் தண்ணீரில் தடுமாறினார்கள். நம் தடியன் ஒருத்தன் மழைக்குள்ளிருந்து எருமை மாதிரி எழும்பித் தலையால் முட்டினான். ஒன்று. எதிரணி ஒன்று திருப்பியது. முடிகிற நேரத்தில் இன்னொரு தடியன், தூக்கி அடித்த பந்தை வாங்கி உள்ளே தள்ளினான். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் கண்ணைத் திறந்தேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

பத்து நாள் கழித்து, அந்த ஆட்டத்துக்கு அணியைத் தான் எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று வெளிநாட்டுக்காரர்கள் படிக்கிற நெட் பக்கத்தில் நீளமாக எழுதிப் போட்டாள். எப்படி யோசித்தாய் என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்களாம். என் தங்கை மகன் அதைப் படித்துச் சொன்னான். மேகம் வருகிறது, தடியர்கள் வருகிறார்கள், தூக்கி அடித்தது வருகிறது. நான் வரவில்லை.

என்னை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "அங்க உன்னை யாருக்குப்பா தெரியும்? மழை வந்தது ஒரு அதிர்ஷ்டம்தானே" என்றாள்.

அதிர்ஷ்டம் என்றால் முதல் நாளே அதைச் சொன்னது யார்? அணியை வளர்த்தது அவள், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். அந்த ஒரு நாள் மட்டும் என்னுடையது. இப்போது அவள் பெரிய வேலையில் இருக்கிறாள், இதைப் படிப்பாள். அம்மா, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடி. அடியில் ஒரு வரி சேர்: குட்டையர்களை உட்கார வைத்து மழைக்கு ஆள் நிறுத்தியது என் அப்பா. இங்கிலீஷிலேயே போடு. என் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுது.