தறிக்குழியில் இறங்கிய எட்டு சிலிண்டர்

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்றைக்கு ஒன்பது லாரிக்கு முதலாளி. ஒன்பதிலும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைக் கழற்றி மாட்டியது இந்தக் கைதான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

அறுபத்தெட்டு வயதில் ஓர் அமெரிக்கக் கார் வாங்கினேன். சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டிவிட்டு விற்றது. எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நீளநீளமாக இரண்டே கதவு. எங்கள் ஊரில் அது ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகும். ஆனால் ஊர்ந்தாலும் கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

ஒருநாள் ஏனாத்தூர் பக்கம் ஒரு மின்சாரக் கார் சத்தமே இல்லாமல் என்னை முந்திப் போயிற்று. ஓட்டியது ஒரு டீச்சரம்மா. பின் கண்ணாடி வழியாக விடைத்தாள் கட்டுகள் தெரிந்தன. வீட்டுக்கு வந்ததும், காருக்கு டர்போ போடப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், வழியிலே யாராவது முந்திட்டாங்களா என்று மட்டும் கேட்டாள்.

டர்போ சாமான்கள் வெளிநாட்டிலிருந்து மூன்று பெட்டிகளில் வந்து சேர்ந்தன. திட்டம் முழுவதையும் காலண்டர் தாளின் பின்பக்கம் படமாகப் போட்டேன். எழுத்து அதிகம் இல்லை. படம் நன்றாகவே இருந்தது. நாள் குறிப்பதில்தான் என் மூளை தெரியும். வைகாசித் திருவிழா பத்து நாளும் எங்கள் தெருவில் சாமி வரும், பந்தல் நிற்கும், கார் வெளியே போக முடியாது. சும்மா நிற்கிற பத்து நாளில் வேலையை முடித்துவிடலாம்.

இடமும் தயாராக இருந்தது. எங்கள் வீடு ஒரு நெசவாளியிடம் வாங்கியது. பக்கவாட்டுக் கூடத்தில், நெய்கிறவர் உட்கார்ந்து காலைத் தொங்கவிடும் தறிக்குழி அப்படியே இருந்தது. காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? அதையே இன்னும் நீளமாகவும் ஆழமாகவும் ஐந்தடி அகலமாகவும் வெட்டினேன். வீட்டை விற்ற நெசவாளி வந்து பார்த்து, சோறு போட்ட குழி, செருப்புக் காலோடு இறங்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வெறுங்காலோடு இறங்கினேன். ஸ்பானர்களை அடுக்கும்போதே ஒன்று பெருவிரலில் விழுந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

என் மகள் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் பெட்டிகளைப் பார்த்தாள், காலண்டர் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த எஞ்சின் கம்ப்ரஷன் எவ்ளோப்பா?"

லாரிக்காரன் அதைக் கேட்டுக்கினு இருக்கமாட்டான் என்றேன். லாரி வெறும் காற்றைத்தான் அழுத்தும், டீசல் பிறகுதான் வரும், அதனால் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும் என்றாள் அவள். இதில் காற்றோடு பெட்ரோலும் சேர்ந்து இருக்கிறது, அளவு மிஞ்சினால் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும் என்றாள். சென்னையில் ஒரு பட்டறையில் விட்டுவிடலாம் என்றும் சொன்னாள்.

என் வண்டியில் இதுவரை இன்னொருவன் கை பட்டதில்லை. அதனால் ஒரு பந்தயம் வைத்தேன்: என் திட்டத்தில் ஒரே ஒரு தப்பு வந்தாலும் சாவியை உன் கையில் கொடுத்துவிடுகிறேன், நீ எங்கே வேண்டுமானாலும் கொண்டு போ. அவள் கைகுலுக்கினாள். மனைவி சாட்சி.

திருவிழாவின் முதல் நாள் மதியம், சாமி கோயிலுக்குத் திரும்பிய பிறகு, காரைக் கூடத்துக்குள் ஓட்டினேன். மகள் முன்னால் நின்று பார்த்தாள். முன் சக்கரங்கள் குழியின் இரண்டு பக்கமும் ஏறின. அரை நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு இடது சக்கரம் உள்ளே இறங்கியது. கார் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது.

ஐந்தடி என்பது லாரியின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மனதில் வைத்து வெட்டிய குழி. காரை நான் அளக்கவே இல்லை. நாற்பது வருடப் பழக்கம், கை தானாக வெட்டிவிட்டது.

இறங்கப் பார்த்தேன். கூடத்தின் அகலமே ஒன்பதடிதான். அந்த நீளக் கதவு ஒரு சாண் திறந்து சுவரில் முட்டியது. ஜன்னல் வழியாக வரச் சொன்னாள் மனைவி. என் வயிற்றை அவள் அறியாதவள் அல்ல. வண்டி வெளியே வரும்போது நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏசியைப் போட்டேன்.

மகள் தெருவுக்குப் போய், பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்த சாமி தூக்குகிறவர்களை அழைத்து வந்தாள். பன்னிரண்டு பேர். அவர்களில் மூத்தவர் குனிந்து பார்த்தார்.

"சாமி தூக்கற தண்டுக் கட்டைய இதுக்குத் தரமாட்டோம். பந்தக்கால் சவுக்கு ரெண்டு எடுத்தாங்கடா." பிறகு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "பெரியவரே, நீங்க எறங்கலியா?"

"இல்லைபா. இருக்கேன்."

"சாமியும் எறங்காதுதான். ஆனா ஆடாம உக்காரும். நீங்களும் ஆடாதீங்க."

சவுக்குக் கட்டைகளை முன்பக்கமாக வண்டிக்கு அடியில் நுழைத்து, பக்கத்துக்கு ஆறு பேராகத் தோள் கொடுத்தார்கள். மூத்தவர் குரல் கொடுத்ததும் ஒரே மூச்சில் வண்டியின் மூக்கு எழுந்தது. அப்படியே பின்னுக்கு நடத்தி முற்றத்தில் இறக்கினார்கள். நான் ஆடவில்லை. ஒருவர் கைகூட வண்டியில் படவில்லை, தோள்தான் பட்டது. இதை மகளிடம் எடுத்துச் சொன்னேன்.

அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "சாவிப்பா."

குழி வேறு, திட்டம் வேறு என்று வாதாடியிருக்கலாம். ஆனால் என் வாக்கு மாறியதில்லை. சாவியைக் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள்.

"கம்ப்ரஷன் பன்னெண்டுக்கு ஒன்னு. நீ போட இருந்த அழுத்தத்துல மூணுல ஒரு பங்குகூடத் தாங்காது." புத்தகத்தை மூடினாள். "சனிக்கெழமைலேர்ந்து லீவு போட்டிருக்கேன். அதுக்குள்ள குழிய மூணடி ஆக்கிடு. மாட்டறது நீ, அளவு நான்."

பட்டறைப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இன்று காலை மண்ணும் செங்கல்லும் வந்து இறங்கின. காரின் சக்கர இடைவெளியை அவள்தான் அளந்தாள். அவள் போன பிறகு நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன். சரியாகத்தான் அளந்திருந்தாள்.